இறங்குகிற லாரிக்கு எதற்கு டீசல்? – ஹைபிரிட் லாரியின் நூறாண்டுக் கதை

ஹைபிரிட் வண்டி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது டொயோட்டா பிரியஸ் கார்தான். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. ஏதோ அந்த வருடம்தான் ஹைபிரிட் பிறந்தது போலப் பலரும் எழுதுகிறார்கள். உண்மையில் அந்த யோசனைக்கு அப்போதே வயது நூறை நெருங்கிவிட்டது!

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த நூறு வருடத்தில் பெரிய கம்பெனிகளும் அரசாங்கங்களும் இதைக் கைவிட்ட போதெல்லாம், மறுபடியும் தூசி தட்டி எடுத்தவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். கையில் ஒரு வெல்டிங் மெஷின், எங்கோ கிடைத்த பழைய மோட்டார், கொஞ்சம் சொந்தப் பணம், நிறையப் பிடிவாதம். அவ்வளவுதான் அவர்களின் மூலதனம்.

பிரியஸ் கதை எல்லோருக்கும் தெரியும். உழைக்கிற லாரியின் கதை அவ்வளவாகத் தெரியாது. ஆனால் ஹைபிரிட்டால் அதிக லாபம் அடையக்கூடிய வண்டி எது என்று கணக்குப் போட்டால், விடை கார் அல்ல, லாரிதான். அது ஏன் என்பதையும், ஏன் இத்தனை வருடம் ஆனது என்பதையும் பார்க்கலாம்.

முதலில் கொஞ்சம் அடிப்படை

ஹைபிரிட் என்றால் ஒரே வண்டியில் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து வேலை செய்வது. இதில் முக்கியமாக இரண்டு வகை.

ஒன்று சீரிஸ். இதில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் நேரடித் தொடர்பே கிடையாது. எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுற்றும், அந்த மின்சாரம் மோட்டாருக்குப் போகும், மோட்டார் சக்கரத்தைச் சுற்றும். டீசல் ரயில் எஞ்சின்களில் பெரும்பாலானவை இப்படித்தான் ஓடுகின்றன. 1934 மே மாதம் அமெரிக்காவில் பர்லிங்டன் செஃபிர் என்ற ரயில் டென்வரிலிருந்து சிகாகோ வரை சுமார் 1,630 கி.மீ. தூரத்தை எங்கும் நிற்காமல் 13 மணி 5 நிமிடத்தில் கடந்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்ததே, அதுவும் இந்த டீசல்-மின்சார ஏற்பாடுதான்.

இன்னொன்று பேரலல். இதில் எஞ்சினும் மோட்டாரும் இரண்டுமே சக்கரத்தைச் சுற்றலாம். தேவைக்கு ஏற்ப ஒன்று, அல்லது இரண்டும்.

இந்த இரண்டோடும் ஒரு பேட்டரியைச் சேர்த்தால் ஒரு புதிய வசதி கிடைக்கிறது. பிரேக் பிடிக்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் வேகத்தை மின்சாரமாக்கிப் பேட்டரியில் சேர்த்துவிடும். சாதாரண வண்டியில் அந்தச் சக்தி முழுவதும் பிரேக் டிரம்மில் சூடாகி காற்றில் போய்விடுகிறது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இதைச் சுற்றித்தான்.

வியன்னாவிலிருந்து லண்டன் வரை

1900 பாரிஸ் கண்காட்சியில் வியன்னாவைச் சேர்ந்த லோனர் என்ற கோச்சு வண்டிக் கம்பெனி ஒரு மின்சாரக் காரைக் காட்சிக்கு வைத்தது. சக்கரத்துக்குள்ளேயே மோட்டார்! வடிவமைத்தவர் இருபத்தைந்து வயதைக்கூடத் தாண்டாத ஃபெர்டினாண்ட் போர்ஷே. ஆமாம், பின்னாளில் போர்ஷே கார்களுக்குப் பெயர் கொடுத்த அதே ஆள்தான்.

அந்தக் காரின் பிரச்சினை பேட்டரியின் எடை. ஈய பேட்டரி ஒரு டன்னையும் தாண்டும். போர்ஷே ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். பேட்டரியைச் சின்னதாக்கி, ஒரு பெட்ரோல் எஞ்சினையும் டைனமோவையும் வண்டியிலேயே ஏற்றிவிட்டார். சீரிஸ் ஹைபிரிட் பிறந்தது. பிறகு முதல் உலகப் போரில் ஆஸ்திரிய ராணுவத்தின் பெரிய பீரங்கிகளை மலைப் பாதைகளில் இழுக்க இவருடைய பெட்ரோல்-மின்சார வண்டிகள் பயன்பட்டன. பின்னால் வரும் டிரெய்லரின் சக்கரங்களிலும் மோட்டார் இருந்ததால் மொத்த வரிசையும் சேர்ந்து ஏறியது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சுவாரசியம். லண்டனில் தாமஸ் டில்லிங் கம்பெனி குதிரை பஸ் ஓட்டிப் பெயர் வாங்கிய கம்பெனி. மோட்டார் பஸ் வந்ததும் ஒரு சிக்கல். வாழ்நாள் முழுக்கக் குதிரையை ஓட்டிய டிரைவர்களுக்கு அந்தக் கால கியர்பாக்ஸ் பிடிபடவில்லை. கியர் மாற்றும்போதெல்லாம் பற்சக்கரம் கரகரவென்று அரைபடும், சில சமயம் உடைந்தே போகும். புது டிரைவர்களை எடுப்பதா, பழையவர்களை வீட்டுக்கு அனுப்புவதா?

டில்லிங் வேறு வழியில் போனது. மெய்ட்ஸ்டோன் ஊரைச் சேர்ந்த ஸ்டீவன்ஸ் என்பவரோடு சேர்ந்து 1911-இல் கியரே இல்லாத பெட்ரோல்-மின்சார பஸ்ஸை இறக்கியது. எஞ்சின் டைனமோவைச் சுற்றும், மோட்டார் பஸ்ஸை நகர்த்தும். குதிரைக்காரரும் இரண்டே நாளில் ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். பேட்டரி கிடையாது என்பதால் இது முழு ஹைபிரிட் அல்ல. ஆனால் மனிதர்களின் வேலையைக் காப்பாற்றிய தொழில்நுட்பம் என்று வரலாற்றில் தேடினால் இதற்கு நிச்சயம் ஓர் இடம் உண்டு. போர்க்காலத்தில் இதே வகை லாரிகள் தேடுவிளக்குகளுக்கு மின்சாரம் கொடுக்கவும் பயன்பட்டன. வண்டியிலேயே ஒரு மின்நிலையம் இருக்கிறதே!

பிறகு ஏன் காணாமல் போயின? காரணம் எளிது. கியர்பாக்ஸ் நன்றாகிவிட்டது. 1912-இல் கேடிலாக் காரில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் வந்து, கையால் கிராங்க் சுற்றும் தொல்லையும் போயிற்று. பெட்ரோல் மலிவாகக் கிடைத்தது. எஞ்சின், டைனமோ, மோட்டார் என்று மூன்று பொருளுக்குப் பணம் கொடுப்பதைவிட எஞ்சின், கியர்பாக்ஸ் என்று இரண்டுக்குக் கொடுப்பது லாபம். 1916 வாக்கில் சிகாகோவின் உட்ஸ் கம்பெனி கொண்டுவந்த ஹைபிரிட் காரும் இதே காரணத்தால் சில வருடத்தில் மறைந்தது.

மலையில் இறங்கிய டீசல் லாரி

1931. அமெரிக்காவில் லாரி என்றால் பெட்ரோல் லாரிதான். டீசல் எஞ்சின் கப்பலுக்கும் ஆலைக்கும் என்று எல்லோரும் நினைத்த காலம். இண்டியானாவைச் சேர்ந்த கிளெஸ்ஸி கம்மின்ஸ், இன்றைக்கும் லாரிகளில் நாம் பார்க்கிற அந்தக் கம்மின்ஸ் எஞ்சின் கம்பெனியைத் தொடங்கியவர், தன் டீசல் எஞ்சினைப் பொருத்திய லாரியில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை போய்க் காட்டக் கிளம்பினார். நாட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு ஆன எரிபொருள் செலவு சுமார் 11 டாலர்தான். நல்ல விளம்பரம்.

ஆனால் கலிபோர்னியாவின் கஹோன் கணவாயில் இறங்கும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காமல் போய்விட்டது. லாரி வேகம் எடுத்துக்கொண்டே இறங்குகிறது. கீழே ரயில்வே கேட். அதில் ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கிறது. ரயிலின் கடைசிப் பெட்டி கடந்த அடுத்த நொடிகளில் லாரி தண்டவாளத்தைத் தாண்டியது. மயிரிழையில் உயிர் தப்பினார்கள்.

பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை விட்டால் எஞ்சினே ஓரளவு வண்டியை இழுத்துப் பிடிக்கும். டீசலில் அந்தப் பிடிப்பு மிகக் குறைவு. கம்மின்ஸ் இதை மறக்கவே இல்லை. கம்பெனியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதற்கென்றே உட்கார்ந்து எஞ்சின் பிரேக் ஒன்றைக் கண்டுபிடித்தார். இறக்கத்தில் எஞ்சின் காற்றை அழுத்தும், அழுத்தம் உச்சிக்கு வரும் நேரத்தில் வால்வு திறந்து அந்தக் காற்று வெளியே போய்விடும். எஞ்சின் சக்தி கொடுப்பதற்குப் பதிலாகச் சக்தியை விழுங்கும். டிரில் சக் செய்துகொண்டிருந்த ஜேக்கப்ஸ் கம்பெனி 1961-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்க டிரைவர்கள் செல்லமாக ஜேக் பிரேக் என்பார்கள். அது காப்பாற்றிய உயிர்களுக்குக் கணக்கே கிடையாது.

ஆனால் வணிகக் கண்ணோடு பாருங்கள். மேலே ஏறும்போது காசு கொடுத்து வாங்கிய டீசலை எரித்து லாரிக்கு உயரத்தைச் சேர்க்கிறோம். இறங்கும்போது அந்தச் சேமிப்பு முழுவதையும் டபடபவென்ற சத்தமாகவும் சூடாகவும் காற்றில் விடுகிறோம். உயிருக்குப் பாதுகாப்பு கிடைத்தது, சக்தி வீணாவது அப்படியேதான் இருந்தது.

பள்ளிக்கூடம் தாண்டாத பொறியாளர்

இங்கே ஆர்.ஜி. லெட்டூர்னோ என்ற மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். 1888-இல் பிறந்தவர். பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு நின்றவர். வெல்டிங்கும் மெக்கானிக் வேலையும் பட்டறையில் பழகிக் கற்றவர். மண் அள்ளும் ராட்சத இயந்திரங்கள் செய்து பெரும் பணக்காரரானார். 1953-இல் அந்தத் தொழிலை விற்றுவிட்டு, எல்லோரும் கிறுக்குத்தனம் என்று நினைத்த ஒன்றில் இறங்கினார். ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் ஒரு மின்மோட்டார். எஞ்சின் மின்சாரம் தயாரிக்க மட்டும்.

அமெரிக்க ராணுவத்துக்காக அவர் செய்த சாலை ரயில் ஒன்று 1962-இல் அரிசோனாவின் யூமா பாலைவனத்தில் சோதிக்கப்பட்டது. 54 சக்கரம், ஒவ்வொன்றிலும் மோட்டார், சுமார் 170 மீட்டர் நீளம். பெரிய ஹெலிகாப்டர்கள் வந்ததால் ராணுவத்துக்கு அது தேவைப்படாமல் போனது. ஆனால் சக்கர மோட்டார் என்ற யோசனை சாகவில்லை. 1960களிலிருந்து சுரங்கங்களில் ஓடும் மாபெரும் டம்பர் லாரிகள் பல இந்த டீசல்-மின்சார முறைக்கு மாறின.

அங்கேயும் ஒரு கொடுமை. இறக்கத்தில் அந்த மோட்டார்கள் ஜெனரேட்டராகி மின்சாரம் தயாரித்தன. ஆனால் சேமிக்க இடம் இல்லையே? லாரியின் மேல்தட்டில் பெரிய மின்தடைக் கம்பிகளை வைத்து, விசிறி போட்டு, அந்த மின்சாரத்தை எல்லாம் சூடாக்கி வெளியே விட்டார்கள். ரொட்டி வாட்டும் டோஸ்டரைப் போல! ஒரு பக்கம் லிட்டர் லிட்டராக டீசல், மறு பக்கம் தயாரான மின்சாரத்தைக் காற்றுக்குத் தானம்.

ஏன் சேமிக்க முடியவில்லை?

இங்கே ஒரு சின்னக் கணக்கு. காட்டு மரம் ஏற்றும் லாரி ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலியாக 20 டன், சுமையோடு 50 டன். மரம் மலை மேல் இருக்கிறது, ஆலை கீழே. உயர வித்தியாசம் 500 மீட்டர்.

காலி லாரி மேலே ஏற உயரத்துக்காக மட்டும் தேவைப்படும் சக்தி சுமார் 27 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சுமையோடு இறங்கும்போது வெளிப்படுவது சுமார் 68 யூனிட். டயர் உராய்வு, மோட்டார் இழப்பு எல்லாம் போகப் பாதி கிடைத்தாலும் 34 யூனிட். ஒரு லிட்டர் டீசலை நல்ல எஞ்சினில் எரித்தால் பயனாகக் கிடைப்பது சுமார் 4 யூனிட்தான். ஆக ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எட்டு லிட்டருக்கு மேற்பட்ட டீசலின் வேலை காற்றில் போகிறது!

அப்படியானால் பேட்டரியைப் போட்டால் என்ன? ஈய பேட்டரி ஒரு கிலோவுக்குச் சுமார் 35 வாட் மணி சக்திதான் தாங்கும். 100 யூனிட் சேமிக்க கிட்டத்தட்ட மூன்று டன் பேட்டரி வேண்டும். லாரித் தொழிலில் மூன்று டன் என்பது மூன்று டன் வாடகை. பேட்டரியின் எடையைத் தினமும் சும்மா சுமந்து திரிய எந்த முதலாளி சம்மதிப்பார்? அதோடு, கால் மணி நேரத்தில் இறங்கி முடிக்கிற லாரியிலிருந்து வரும் அத்தனை மின்சாரத்தையும் அவ்வளவு வேகமாக வாங்கிக்கொள்ள ஈய பேட்டரிக்குத் தெம்பு கிடையாது. இதுதான் நூறு வருடத் தாமதத்தின் நிஜமான காரணம். யாருக்கும் மூளை இல்லாமல் இல்லை. யோசனை 1900-இலேயே வந்துவிட்டது. அதற்கேற்ற பேட்டரி வரத்தான் தாமதம்.

கொட்டகைக்காரர்கள் வருகிறார்கள்

1970-இல் அமெரிக்காவில் தூய காற்றுச் சட்டம் வந்தது. காரின் புகையை 90 சதவீதம் குறைக்கவேண்டும் என்றது அரசு. மாற்று வண்டிகளுக்கு ஊக்கம் கொடுக்க ஒரு திட்டமும் தொடங்கியது. அதில் கலந்துகொண்டவர் விக்டர் வூக். மின்பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். இவருடைய அண்ணன் பிரபல நாவலாசிரியர் ஹெர்மன் வூக்.

வூக்கும் அவருடைய கூட்டாளி சார்லஸ் ரோசனும் சொந்தப் பணத்தைப் போட்டு, 1972 மாடல் பியூக் ஸ்கைலார்க் காரின் எஞ்சினைக் கழற்றிவிட்டு, சின்ன மஸ்டா ரோட்டரி எஞ்சினையும் 20 கிலோவாட் மோட்டாரையும் எட்டு பேட்டரிகளையும் பொருத்தினார்கள். 1974-இல் அரசின் ஆய்வகத்தில் சோதனை நடந்தது. மைலேஜ் பழைய காரைப்போல இரண்டு மடங்குக்கு மேல். புகையோ பத்தில் ஒரு பங்குக்கும் கீழே. ஆனாலும் அரசு அதை ஏற்கவில்லை. திட்டமே 1976-இல் மூடப்பட்டது. அதே வருடம் மின்சார, ஹைபிரிட் வாகன ஆராய்ச்சிக்கென்று ஒரு சட்டத்தை அதிபர் ஃபோர்டு நிராகரித்தார். நாடாளுமன்றம் அவரை மீறி அதை நிறைவேற்றியது. வூக் 2005-இல் இறந்தார். பிரியஸ் கார்கள் அமெரிக்கச் சாலைகளில் ஓடுவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார் என்பது ஓர் ஆறுதல்.

வூக்காவது படித்த விஞ்ஞானி. 1979-இல் ஆர்கன்சா மாநிலத்தின் டேவிட் ஆர்தர்ஸ் செய்தது இன்னும் அசத்தல். ஓப்பல் ஜிடி கார் ஒன்றில் புல்வெட்டும் இயந்திரத்தின் 6 குதிரைத்திறன் எஞ்சின், 400 ஆம்பியர் மின்மோட்டார், 6 வோல்ட் பேட்டரிகள். மொத்தச் செலவு சுமார் 1,500 டாலர். மைலேஜ் கேலனுக்கு 75 மைல், அதாவது லிட்டருக்கு 32 கி.மீ. அளவுக்கு. மதர் எர்த் நியூஸ் பத்திரிகை இதை வெளியிட்டதும் வரைபடம் கேட்டு சுமார் 60,000 வாசகர்கள் கடிதம் எழுதினார்களாம்!

60,000 பேர் கேட்டார்கள் சரி, 60,000 கார்கள் ஏன் ஓடவில்லை? இங்கேதான் கணக்குப் பாடம் வருகிறது. வருடம் 10,000 மைல் ஓடுகிற ஒருவர் கேலனுக்கு 25 மைல் கொடுக்கும் காரிலிருந்து 75-க்கு மாறினால் மிச்சம் சுமார் 267 கேலன். கேலன் ஒரு டாலர் என்று வைத்தால், போட்ட 1,500 டாலர் திரும்பி வர ஐந்தரை வருடம் ஆகும். அதற்குள் ஈய பேட்டரிகளை ஒரு முறையாவது மாற்றவேண்டி வரும். நேரம், உழைப்பு, வட்டி எல்லாம் கணக்கிலேயே வரவில்லை. 1986-இல் கச்சா எண்ணெய் விலை சரிந்ததும் இந்த ஆர்வமும் சேர்ந்து சரிந்தது.

பேட்டரி கற்றுக்கொண்ட பாடம்

1991-இல் ஜப்பானின் ஹினோ கம்பெனி டீசல் ஹைபிரிட் பஸ்ஸை இறக்கியது. நின்று நின்று போகும் நகரப் பஸ், பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும் வண்டி. ஹைபிரிட்டுக்கு ஏற்ற வேலை. பிறகு பிரியஸ். அதன் பிறகு லித்தியம் பேட்டரி. ஒரு யூனிட் சேமிக்கும் லித்தியம் பேட்டரியின் விலை 2010-இல் 1,000 டாலருக்கும் மேல். 2024-இல் சுமார் 115 டாலர். எடையும் ஈயத்தில் நான்கில் ஒரு பங்குதான். மூன்று டன் தேவைப்பட்ட இடத்தில் முக்கால் டன் போதும். வேகமாக சார்ஜ் ஏற்றிக்கொள்ளவும் முடியும்.

போர்ஷேவின் கணக்கு கடைசியில் நேரானது!

சுவிட்சர்லாந்தில் பீல் நகருக்கு அருகே ஒரு சிமெண்ட் ஆலையின் சுண்ணாம்புக்கல் குவாரி. அங்கே கொமாட்சு டீசல் டம்பர் ஒன்றின் எஞ்சினை எடுத்துவிட்டு 600 யூனிட் பேட்டரியைப் பொருத்தினார்கள். காலி எடை 45 டன். மலை மேலே காலியாக ஏறி, 65 டன் கல்லோடு இறங்குகிறது. இறங்கும்போது கிடைக்கும் மின்சாரமே மறுபடி ஏறுவதற்குப் போதுமானதாக இருக்கிறது. பெயர் இ-டம்பர். ஒரு காலத்தில் டோஸ்டர் கம்பிகளுக்குப் போன மின்சாரம் இப்போது அடுத்த நடைக்குக் கூலி.

இது முழு மின்சார வண்டி. எல்லா லாரிக்கும் குவாரி போன்ற வசதியான இறக்கம் வாய்க்காது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் மரம் ஏற்றும் லாரிகள் சார்ஜர் என்ற பேச்சே இல்லாத காடுகளுக்குள், உறைபனியில், நாள் முழுக்க ஓடவேண்டும். அங்கே லாரித் தொழில் செய்துவந்த சேஸ் பார்பர், எரிக் லிட்டில் என்ற இரு நண்பர்கள் 2017-இல் அறிவிக்கப்பட்ட டெஸ்லா லாரிக்காகக் காத்திருந்தார்கள். 2019-இல் வரும் என்றார்கள். முதல் லாரி வாடிக்கையாளர் கைக்குப் போனது 2022 டிசம்பரில்.

காத்திருந்து அலுத்தவர்கள் தாங்களே இறங்கினார்கள். பழைய கென்வொர்த் லாரி ஒன்றைக் கழற்றி, மின்மோட்டார் அச்சு, பேட்டரி, டீசல் ஜெனரேட்டர் வைத்து சீரிஸ் ஹைபிரிட்டாக மாற்றினார்கள். லாரிக்குக் கார்ல் என்று பெயர். வேலை நடந்ததைப் படிப்படியாக யூடியூபில் போட்டார்கள். கம்பெனிக்கு வைத்த பெயர் எடிசன் மோட்டார்ஸ்! டெஸ்லாவின் யோசனையைத் திருடியவர் எடிசன் என்று ஒரு கதை உலவுகிறதே, அந்தக் கிண்டல்தான். அடுத்து அவர்களே புதிதாகக் கட்டிய மரம் ஏற்றும் லாரிக்கு டாப்ஸி என்று பெயர் வைத்தார்கள்.

அதே காலத்தில் அமெரிக்காவில் நிகோலா என்ற கம்பெனி கோடிக்கணக்கான டாலர் முதலீடு திரட்டி வைத்திருந்தது. 2018-இல் அது வெளியிட்ட வீடியோவில் அதன் லாரி சாலையில் ஜோராக ஓடியது. 2020-இல் உண்மை வெளியே வந்தது. லாரி சொந்த சக்தியில் ஓடவே இல்லை, சரிவில் உருட்டிவிட்டுப் படம் எடுத்திருக்கிறார்கள்! நிறுவனர் டிரெவர் மில்டன் 2022-இல் மோசடிக் குற்றவாளி என்று தீர்ப்பானது (2025-இல் அதிபரின் மன்னிப்பு கிடைத்தது). கம்பெனி 2025 பிப்ரவரியில் திவாலானது. பங்குச்சந்தை கோடிகளைக் கொட்டியது உருட்டிவிட்ட லாரிக்கு. தாங்களே ஓட்டிப் பிழைக்கவேண்டியவர்கள் கட்டிய லாரியோ சொந்தக் காலில் ஓடியது.

நாமே மாற்றலாமா?

இதைப் படித்துவிட்டு யாராவது ஸ்பானரைத் தூக்குவதற்கு முன் சில விஷயங்கள்.

ஒன்று, ஆபத்து. லாரி ஹைபிரிட்டில் ஓடுவது 400 முதல் 800 வோல்ட் வரையிலான நேர்மின்சாரம். தொட்டால் உயிருக்கே ஆபத்து. பாடகர் நீல் யங் தன்னுடைய 1959 மாடல் லிங்கன் காரை ஹைபிரிட்டாக மாற்றினார். 2010 நவம்பரில் அது சார்ஜில் இருந்தபோது தீப்பிடித்து, கார் நின்றிருந்த கிடங்கும் உள்ளிருந்த பொருட்களும் எரிந்தன. பணமும் நிபுணர்களும் இருந்த இடத்திலேயே இந்த நிலை.

இரண்டு, சட்டம். தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்தை மாற்றினால் பெரும்பாலான நாடுகளில் மறுபடியும் சோதனை, அனுமதி, பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். ஒற்றை லாரிக்கு இந்தச் செலவு சுமை. ஆயிரம் லாரிக்குப் பகிர்ந்தால் ஒன்றுமில்லை. கொட்டகைக்காரர்கள் பலர் தோற்றது இந்த இடத்தில்தான், பொறியியலில் அல்ல.

மூன்று, வண்டியின் வேலை. மேலே சொன்ன மரலாரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நடைக்கு 8 லிட்டர், நாளுக்கு 5 நடை, வருடம் 200 நாள் என்றால் மிச்சம் 8,000 லிட்டர். மாற்றும் செலவு 40,000 லிட்டர் டீசல் விலைக்குச் சமம் என்று வைத்தால் ஐந்து வருடத்தில் முதல் திரும்பிவிடும். அதே லாரி சமவெளி நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் ஓடினால் பிரேக்கே பிடிப்பதில்லை, மிச்சமும் இல்லை. பேட்டரி வெறும் பாரம்தான். இன்னொரு பக்கம், மின்கம்பத்தில் வேலை செய்யத் தூக்கும் கை வைத்த லாரியைப் பாருங்கள். நின்ற இடத்திலேயே மணிக்கணக்கில் எஞ்சினை ஓட விடுகிறது. அதற்கு ஒரு பேட்டரி இருந்தால் எஞ்சினை அணைத்துவிட்டுக் கையை இயக்கலாம். ஆக, ஹைபிரிட் நல்லதா கெட்டதா என்ற கேள்வியே தப்பு. எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி.

முடிவாக

இந்தக் கதையில் வருகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். டில்லிங் தன் குதிரை டிரைவர்களுக்கு வேலை இருக்கவேண்டும் என்று யோசித்தார்கள். கம்மின்ஸ் இன்னொருவர் தன்னைப் போல மாட்டிக்கொள்ளக்கூடாது என்று நினைத்தார். வூக்கின் கார் சோதனையில் வென்றும் ஒதுக்கப்பட்டது. கனடா நண்பர்களுக்கு அடுத்த மாத டீசல் பில் கவலை. இவர்களில் யாரும் எதிர்காலத்தைக் கண்டுபிடிக்கப் போகிறோம் என்று கிளம்பியவர்கள் இல்லை. கண்ணெதிரே வீணாகிற ஒன்றைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாதவர்கள்.

அவர்களில் பலர் பணம் இழந்தார்கள். கணக்கேட்டின்படி அது நஷ்டம்தான். ஆனால் ஒருவர் நஷ்டப்பட்டுச் செய்துவைத்த சோதனை இன்னொருவருக்கு இலவச மூலதனமாகிறது. அந்த வரவை எழுத எந்தக் கணக்கேட்டிலும் பத்தி கிடையாது.